கடல் பக்கமா, தரைப் பக்கமா

அல் அத்தாயா, கெர்கென்னா தீவு
மே 6

அன்புள்ள ஸி மொன்ஜி அவர்களுக்கு,

காலைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், மருந்துக் கடை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் இரத்த அழுத்தம் தவிர இங்கே எல்லாம் சீராக இருக்கிறது. உங்கள் காதுக் கருவி இன்னும் விசில் அடிக்கிறதா? போன வாரம் போனில் நீங்கள் "என்னது, என்னது" என்று கேட்க, நான் கத்த, இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் நம் கல்யாணப் பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டுச் சில்லறைகூட வாங்காமல் போனார்கள். கடிதமே நல்லது என்று நீங்கள் சொன்னது சரிதான். படகில் டீ விற்கும் ஃபத்ஹி கொண்டுவந்து தருவான். கவரை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் ஸ்ஃபாக்ஸ் வந்து சேருவதற்குள் படகு முழுக்கப் படித்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பேப்பரைப் பார்த்திருப்பீர்கள். "கெர்கென்னாவுக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே தீவின் வரைபடம், அதன் மேல் நீல வண்ணம். என் கடை இருக்கும் இடத்தில் ஒரு மீன் படம் வேறு. பூராவி அதைக் காபிக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். பூராவியைத் தெரியுமே, எங்கள் அப்பாவின் கடல் பங்கில் ஷர்ஃபியா போடுகிறவன். கடலில் ஓலை வேலி நட்டு மீனை உள்ளே வளைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, வாயிலும் கிடையாது.

மறுநாளே மார்சேயிலிருந்து என் மகன் அனீஸ் போன் செய்து, வீட்டை உடனே விற்றுவிடச் சொன்னான். அதற்கு அடுத்த நாள் ஒரு தரகர் வந்தார், சட்டைப் பையில் அதே பேப்பர் துண்டோடு. முழுகப்போகிற வீட்டுக்கு இந்த விலையே அதிகம் என்றார். முழுகப்போகிற வீடு இவருக்கு எதற்கு என்று நான் கேட்பதற்குள் பூராவி முந்திக்கொண்டான். "முழுகினா முழுகட்டும் அண்ணே. எங்க தீவுல கடலுக்கும் பத்திரம் இருக்கு. முழுகின இடம் இந்த அம்மாவோட கடல் பங்கோட சேர்ந்துரும். கடல் என்ன விலைக்கு எடுக்கறீங்க?" தரகர் டீயைக்கூடக் குடிக்காமல் போனார், ஆனால் மறுபடி வருவார் என்று தோன்றுகிறது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நமக்காக ஒரு அறை கட்டப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? மேஸ்திரி கமீஸ் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். கடல் பக்கம் கட்டினால் காற்று வரும், காலையில் கண் விழித்தால் தண்ணீர் தெரியும். தரைப் பக்கம் என்றால் பேரீச்சை மரங்களும் பக்கத்து வீட்டுக் கழுதையும்தான். நாற்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். வாரா வாரம் பேப்பரில் அறிவியல் செய்திகளைப் பிரித்து மேய்கிறவர். எனக்குக் கட்டுரை வேண்டாம். கடல் பக்கமா, தரைப் பக்கமா என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காக மேஸ்திரியை நிறுத்தி வைத்திருக்கும்
வஸீலா


ஸ்ஃபாக்ஸ்
மே 14

அன்பு வஸீலாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அதே பேப்பரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனம் ஒத்தவர்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கவர் டீ மணத்தோடு வந்து சேர்ந்தது. ஒட்டியிருந்ததும் பிரியவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து அந்தச் செய்தியின் பூர்வீகத்தைத் தோண்டினேன். முதலில் ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர்களுக்குக் கடிதம் போட்டேன், அதில் ஒரு பெண்மணி உடனே பதில் எழுதினார். அவர்கள் சொன்னது இதுதான்: உலகம் இப்படியே புகையைக் கக்கிக்கொண்டு, எதையுமே திருத்திக்கொள்ளாமல் போனால், இந்த நூற்றாண்டின் கடைசியில் தீவின் தாழ்ந்த பகுதிகள் அடிக்கடி வெள்ளத்தில் மாட்டக்கூடும். "கூடும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இருபத்தைந்து ஆண்டு என்பது வேறொரு பாராவில், உப்பளச் சதுப்புகளைப் பற்றி வருகிறது. இதை ஒரு பிரெஞ்சு செய்தி நிறுவனம் பாதியாகச் சுருக்கியது. நம் பேப்பர்காரர் அந்தப் பாதியில் பாதியை எடுத்தார். "கூடும்" வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. சதுப்பின் இருபத்தைந்து ஆண்டைத் தூக்கித் தீவின் தலையில் வைத்தார்கள். நீல வரைபடமும் அப்படித்தான். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது போல, ஒரு உயரத்துக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் நீலம் பூசிவிட்டார்கள். அந்த மீன் மட்டும் யாருடைய ஆராய்ச்சி என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இதையெல்லாம் பேப்பரில் என் அடுத்த வாரப் பத்தியில் எழுதியிருக்கிறேன். தலைப்பு "தொட்டியில் முழுகிய தீவு." சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் நன்றாக வந்திருக்கிறது. அச்சுக் கோர்க்கும் இடத்தில் படித்துப் படித்துச் சிரித்தார்களாம். கடைசிப் பாராவில், கடல் ஏறவே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மெல்ல ஏறத்தான் செய்கிறது, தட்டையான தீவுக்கு அந்த மெல்லவே போதும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆக ஒரு குறையும் இல்லை.

தரகர் மறுபடி வந்தால் என் பத்தியைக் கையில் கொடுங்கள். அனீஸுக்கும் ஒன்று அனுப்புங்கள்.

அறை விஷயம் நிதானமாக யோசிக்க வேண்டியது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். மேஸ்திரிக்கு என் சலாம்.

என்றும் உங்கள்
மொன்ஜி


அல் அத்தாயா
ஜூன் 11

அன்புள்ள ஸி மொன்ஜி,

நீங்கள் இப்போது எங்கள் ஊரில் பெரிய ஆள். பத்தி வந்த அன்று கடையில் நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். குளியல் தொட்டி வந்த இடத்தில் பூராவி மேசையைத் தட்டிச் சிரித்ததில் தராசு ஆடியது. மீனைப் பற்றி எழுதிய வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள். அதோடு எழுந்து, சிரித்துக்கொண்டே காபிக்கடைக்குப் போய்விட்டார்கள். அதன் கடைசிப் பாராவை நானும் கடைப் பூனையும்தான் கேட்டோம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது, அது பெரிய உபகாரம். தரகர் பத்தியை வாங்கிப் படித்தார், மடித்துப் பையில் வைத்தார், அதற்குப் பிறகு ஆளைக் காணோம். அனீஸும் அடங்கிவிட்டான். உங்கள் மேல் அவனுக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. "அம்மா, அவர் பரவால்ல போலிருக்கே" என்றான். இதற்கு நீங்கள் இரண்டு பத்தி எழுதலாம்.

ஆனால் எனக்கு இந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருக்கிறது. போன மாதம் அதே பேப்பரில் வெந்தயம் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று போட்டார்கள். பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தயத்தை மென்றார்கள். அது பொய் என்று ஒரு டாக்டர் தொலைக்காட்சியில் கேலி செய்தார். உடனே மீதிப் பாதி, அப்படியானால் சர்க்கரை நோய்ப் பேச்சே பொய் என்று அவர்களும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு கூட்டமும் மயங்கி விழுந்தால் என் கடைக்குத்தான் தூக்கி வருகிறார்கள்.

மேஸ்திரி கமீஸ் காத்திருந்து அலுத்து, ஒரு கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விட்டார். செப்டம்பர் கடைசியில்தான் இனி வருவார். பதில் தயாராக இருக்கட்டும். பெருநாளுக்கு இங்கே வாருங்களேன். ஆக்டோபஸ் போட்டுக் குஸ்குஸ் செய்கிறேன்.

உங்கள்
வஸீலா


ஸ்ஃபாக்ஸ்
ஜூலை 20

அன்பு வஸீலாவுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. எழுதத் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம், வானொலியில் கூப்பிட்டுவிட்டார்கள். "தொட்டியில் முழுகிய தீவு" பற்றி அரை மணி நேரம் பேசினேன். காதுக் கருவி விசில் அடித்ததைக் கடல் பறவை என்று நினைத்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு வாசகர்கள் குவிந்து குவிந்து எழுதுகிறார்கள். ஒருவர் என்னைப் பொய்ச் செய்திகளின் பல் பிடுங்குகிறவர் என்று புகழ்ந்திருக்கிறார். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

பெருநாளுக்கு வர முடியாமல் போனது எனக்குத்தான் நஷ்டம். என் கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் படகு துறையிலிருந்து ஒரு முழம் நகர்ந்தாலே என் குடல் வாய்க்கு வந்துவிடும். இது பயமில்லை, உள்காதில் இருக்கிற நீர்ச் சமநிலை சம்பந்தப்பட்டது. மருந்து வாங்க நீங்கள்தான் மாதம் ஒருமுறை இங்கே வருகிறீர்களே, மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கடையில் சந்திப்போம்.

அறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மண், அஸ்திவாரம், காற்றின் திசை எல்லாம் சேர்ந்த விஷயம். அங்கே கரையில் ஓலை வேலி போட வந்திருக்கிறாரே, ஹாஜர் என்று ஒரு பொறியாளர் பெண், அவரைக் கேட்டுப் பாருங்கள்.

மாறாத அன்புடன்
மொன்ஜி


அல் அத்தாயா
செப்டம்பர் 24

வாத்தியார் அவர்களுக்கு,

ஹாஜரைக் கேட்கச் சொன்னீர்கள். அந்தப் பெண் இன்று என் கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

வசந்த காலத்தில் அவள் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கரை நெடுகப் பேரீச்சை ஓலையை வரிசையாக நட்டிருந்தாள். காற்றில் வரும் மணலை அந்த ஓலை பிடித்து நிறுத்தும், மணல் மேடாகும், மேடு கடலை நிறுத்தும். என் வீட்டுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு மணல் சேர்ந்திருந்தது. இந்த மாதம் ஷர்ஃபியா கட்டுகிற காலம் அல்லவா? பூராவியும் மற்றவர்களும் வந்து அத்தனை ஓலையையும் பிடுங்கி, படகில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். ஹாஜர் போய்க் கேட்டிருக்கிறாள். பூராவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடல் ஏறலைன்னு வாத்தியாரே பேப்பர்ல போட்டுட்டாரு, ரேடியோவுலயும் சொல்லிட்டாரு. அப்புறம் நல்ல ஓலை எதுக்கும்மா மண்ணுல சும்மா நிக்கணும்? தண்ணில நின்னா மீனாவது வரும்."

அதோடு நிற்கவில்லை. கரையை ஒட்டிப் புதுக் கட்டடம் வேண்டாம் என்று ஒரு எல்லை போட ஹாஜர் ஊர்க் கூட்டம் கூட்டினாள். ஒரு ஆள்கூடக் கையெழுத்துப் போடவில்லை. ஏற்கெனவே கடலுக்குச் சுவர் கட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள் கல்லை இறக்கிவிட்டு ஓடிப்போன ஊர் இது. வெளியிலிருந்து வருகிறவர்களை நம்பாததற்கு ஊர்க்காரர்களுக்கு இதுவரை ஒரு காரணம்தான் இருந்தது, இப்போது உங்கள் பத்தியும் சேர்ந்துகொண்டது. காபிக்கடையில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சட்டத்துக்கு நீளம் போதாமல் கடைசிப் பாராவை மடித்துவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை காற்று அடித்தது. பெரிய புயல் ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் வருகிற காற்றுதான். சேர்ந்திருந்த மணலை ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. தண்ணீர் என் முற்றத்தில் அத்தி மரம் வரைக்கும் வந்தது. எந்த இடத்தில் அறை கட்டலாம் என்று கயிறு பிடித்து வைத்திருந்தேனோ, அங்கே ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

நான் கோபமாக இருக்கிறேன், மறைக்கப்போவதில்லை. எவ்வளவு பயப்பட வேண்டும் என்று நான் உங்களிடம் கேட்டேன். எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். பேப்பர் பொய் சொன்னது என்று நிரூபித்தது சரி. அதற்குப் பிறகு உண்மை என்ன என்று கேட்க நான் நின்றுகொண்டிருந்தேன், நீங்கள் வானொலிக்குப் போய்விட்டீர்கள். என் கடைக்கு வந்து இந்த மாத்திரை கேட்குமா என்று ஒருவர் கேட்டால், நானும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பத்து நாள் கழித்து வந்து என்னைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அந்தப் பத்தாம் நாள் நான் அதே மேசையில் இருப்பேன்.

கமீஸ் அடுத்த வாரம் வருகிறார். அறையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு பேருக்கு என்று கட்டுகிற அறையில் ஒருவர் எப்போதும் அக்கரையிலேயே இருப்பார் என்றால், இருக்கிற வீடே எனக்குப் போதும்.

வஸீலா


ஸ்ஃபாக்ஸ்
செப்டம்பர் 27

வஸீலாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஃபத்ஹி கொடுத்தபோது துறைமுகத்திலேயே நின்று படித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீக்குக் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை காலைப் படகில் வருகிறேன். காபிக்கடையில் எல்லோரும் இருக்கும் நேரம் எது என்று உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்துக்குச் சொல்லி வையுங்கள். ஹாஜரையும் வரச் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடிச் சட்டத்தை யாரும் கழற்ற வேண்டாம், நானே கழற்றுகிறேன்.

நான் ஏன் உங்கள் கேள்வியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். அடுத்தவர் எழுதிய வாக்கியத்தில் ஓட்டை பார்க்க எனக்கு ஒரு பயமும் இல்லை. தப்பாகப் பார்த்தால் ஒரு மறுப்புக் கடிதம் வரும், அவ்வளவுதான். ஆனால் "இந்தப் பக்கம் கட்டுங்கள்" என்று நான் ஒரு வாக்கியம் சொல்லி, அது தப்பாகப் போனால், நீங்கள் அதற்குள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்த நினைப்பு வந்ததுமே பேனா வேறு பக்கம் திரும்பிவிட்டது. உங்களை இழந்துவிடுவேனோ என்று இப்போது வந்திருக்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

படகுக்கு மாத்திரை அனுப்ப முடியுமா? பேப்பரில் ஒரு புதுச் செய்தி பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டால் குமட்டலே வராதாம். அதையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

மொன்ஜி


அல் அத்தாயா
அக்டோபர் 3

அன்புள்ள ஸி மொன்ஜி,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? ஃபத்ஹியிடம் இரண்டு மாத்திரை கொடுத்தனுப்பினேன், வர ஒன்று, போக ஒன்று. படகு கிளம்ப அரை மணி முன்னால் போடுங்கள் என்று உறையில் எழுதியும் இருந்தேன். ஊரார் செய்தியையெல்லாம் சல்லடை போட்டுச் சலிக்கிறவர், மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தீர்களே. நீங்கள் பச்சை நிறத்தில் படகிலிருந்து இறங்கிய காட்சி எனக்கு ஆயுசுக்கும் போதும். திரும்பும்போதாவது போட்டீர்களா?

காபிக்கடையில் கருவி விசில் அடிக்கிறது என்று கழற்றிப் பையில் வைத்துவிட்டுப் பேசினீர்கள். அதனால் நீங்கள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது, அவர்கள் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை. கேள்விகளைத்தான் நான் உங்கள் காதருகே சொன்னேன். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் சட்டத்தை உடைத்து, மடித்திருந்த கடைசிப் பாராவை விரித்துப் படித்தபோது, "இது எப்ப எழுதினது?" என்று ஒருவர் கேட்டார். மே மாதமே என்றேன். நம்பவில்லை, பேப்பரை வாங்கித் தேதி பார்த்தார்கள். கடல் ஏறுகிறது, தீவை நம் காலத்தில் விழுங்காது, ஆனால் கரையோர முற்றங்களுக்கு இனி அடிக்கடி வரும், அதற்கு ஓலை வேலியும் வேண்டும், பின்னால் தள்ளிக் கட்டவும் வேண்டும் என்று நீங்கள் சொன்னதை இந்த முறை முழுசாகக் கேட்டார்கள். பிறகு பூராவி எழுந்தான். "அப்ப பேப்பர்ல போட்டதும் பொய், நீங்க போட்டதும் பொய்யா?"

"ரெண்டும் பாதி" என்றீர்கள். "பாதியோட நிறுத்திட்டா ரெண்டும் பொய்தான்."

"சரி, என் வீட்டு வாசலுக்கு எந்த வருஷம் வரும்? அதைச் சொல்லுங்க."

நீங்கள் "தெரியாது" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு டொமினோ ஆடுகிறவர்கள்கூடக் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். உங்கள் முகம் மறுபடியும் பச்சையாவதைப் பார்த்து நான் வாளி தேடினேன். நீங்கள் வெளியே போய்க் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர், இவருக்கே தெரியாதாம், இவர் பேச்சை எப்படி நம்புவது என்று ஆரம்பித்தார். பூராவி அவரை உட்கார வைத்தான். "தெரியாதுங்கிற ஒரு வார்த்தையைச் சொல்றதுக்காக ஒரு மனுஷன் வாந்தி எடுத்துக்கிட்டே கடல் தாண்டி வந்திருக்கான். பொய் சொல்றவனா இருந்தா வீட்டுல இருந்தே சொல்லியிருப்பான்."

அன்று மாலையே புது ஓலை வெட்டப் போனார்கள். கடலில் நட்டதைப் பிடுங்க மாட்டார்களாம், அதில் மீன் வர ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு ஒரு சுமை என்று கரைக்குக் கொண்டுவந்தார்கள். நேராக நடச் சொல்லி ஹாஜர் கயிறு கட்டினால், இவர்கள் கைப்பழக்கத்தில் ஷர்ஃபியா போலவே வளைத்து, மீன் நுழைகிற வாயும் சிக்குகிற அறையும் வைத்து நட்டுவிட்டார்கள். என் வீட்டுக்கு முன்னால் மணலில் ஒரு மீன் பொறி நிற்கிறது. ஹாஜர் தலையில் கை வைத்தாள். "மண்ணும் ஒரு மீனுதாம்மா, உள்ள வந்தா வெளிய போகாது" என்கிறான் பூராவி. அதையும் ஒரு குளிர்காலம் பார்ப்போம், சரியில்லை என்றால் நேராக்குவோம் என்று இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். கட்டட எல்லைக்குப் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. மீதிப் பேர் முணுமுணுக்கிறார்கள்.

ஊருக்கே பதில் சொல்லிவிட்டீர்கள். சந்தோஷம். என் கேள்வி மட்டும் மே மாதத்திலிருந்து நிற்கிறது. கமீஸ் வந்து முற்றத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார்.

வஸீலா


ஸ்ஃபாக்ஸ்
அக்டோபர் 6

அன்பு வஸீலா,

திரும்பும்போது மாத்திரையைப் போட்டேன். சுகமாகத் தூங்கி, துறைமுகத்தில் ஃபத்ஹி உலுக்கி எழுப்பினான். பட்டையைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன். முதல் பாராவிலேயே என்னைப் பற்றி எழுதிவிடுவேன்.

பூராவி சொன்னதைப் பல தடவை படித்தேன். வாசகர்கள் எழுதிய கடிதங்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, அந்த ஒரு வரியை மேசை மேல் வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: தரைப் பக்கம் கட்டுங்கள், தரையைவிட இரண்டு படி உயர்த்தி. கடல் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் வையுங்கள்.

இது எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்வது. தெரியாததும் நிறைய இருக்கிறது. தப்பாகப் போனால் இரண்டு பேரும் சேர்ந்து நனைவோம். நான் அக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் மொன்ஜி


அல் அத்தாயா
நவம்பர் 12

அன்புள்ள மொன்ஜி,

அறை முடிந்துவிட்டது. மூன்று படி வைத்திருக்கிறேன், ஒரு படி என் கணக்கில். ஜன்னல் வழியாகக் கடல் கொஞ்சம் தெரிகிறது, கழுதை நிறையத் தெரிகிறது. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. உங்கள் புத்தகங்களுக்குக் கமீஸ் சுவரிலேயே பலகை அடித்திருக்கிறார், அதுவும் உயரத்தில்.

மணல் கணுக்கால் வரை சேர்ந்திருக்கிறது. வளைத்து நட்ட வேலியில் ஒரு மூலையில் அதிகம் சேர்கிறது, ஒரு மூலையில் சேரவே இல்லை. பூராவியும் ஹாஜரும் தினமும் அங்கே நின்று சண்டை போடுகிறார்கள். நீங்கள் வந்து பஞ்சாயத்து பண்ண வேண்டும், கருவியை மாட்டிக்கொண்டு. நம் கல்யாணத்துக்கு அனீஸ் விமான டிக்கெட் எடுத்துவிட்டான்.

ஃபத்ஹிக்குத்தான் வருத்தம். இனி யார் கடிதத்தைக் கொண்டுபோவது என்று கேட்டான். உன் டீயைக் கவனி என்றேன்.

வெள்ளிக்கிழமைப் படகுக்கு மாத்திரை இந்தக் கவரிலேயே இருக்கிறது. கிளம்ப அரை மணி முன்னால் போட வேண்டும். உறையைக் கவிழ்த்துத் தேட வேண்டாம். இந்த முறை ஒன்றுதான் வைத்திருக்கிறேன்.

வஸீலா